சரிவில் ஓடிய மர ரயில்

கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் மார்ட்டின், அலவி முதலாளியின் காணியில் பாதித் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, முடியாது என்று சொன்னார். மீதிப் பாதியைப் பார்க்காமல் எப்படி இவர் தீர்ப்புச் சொல்கிறார் என்று வீரய்யாவுக்கு அப்போதே சுருக்கென்றது. அவன் கையில் இருந்த சீவுளியை நிறுத்தினான்.

அறுபத்தெட்டாம் வருடம். பதுளையில் பஸ் ரோட்டுக்குக் கீழே, ஓடை வரைக்கும் சரிந்து இறங்கும் முக்கால் ஏக்கர் காணி அது. மேல் ஓரத்தில், மரம் அறுத்து விற்கும் அலவியின் மரக்காலை. அதற்குக் கீழே ஒரு குதிரை ராட்டினமும் இரண்டு படகு ஊஞ்சலும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சனமும் தோட்டத்துச் சனமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும். அலவி எங்கோ ஒரு சஞ்சிகையில் ரோலர் கோஸ்டரின் படம் பார்த்திருந்தார். பார்த்த நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. அதனால்தான் மார்ட்டினை வரவழைத்தார்.

"இதெல்லாம் பெரிய நகரத்துக்குச் சரி, அலவி," என்றார் மார்ட்டின். "குறைந்தது நாலு ஏக்கர் வேண்டும். இரும்பு என்றால் சின்ன இடத்துக்குள் வளைக்கலாம். ஆனால் இரும்பை இறக்குமதி செய்ய இப்போது யாரும் உங்களுக்கு அனுமதி தரப்போவதில்லை. மரத்தில் கட்டி, இந்த மூலைக்குள் திருப்பினால் ஆட்கள் வெளியே பறப்பார்கள். என்னிடம் ஒரு பழைய சங்கிலி ராட்டினம் கிடக்கிறது. அதை வாங்கிப் போடுங்கள். இந்த ஊருக்கு அது போதும்."

இந்த ஊருக்கு அது போதும். அந்த வார்த்தைதான் வீரய்யாவை எழுப்பியது.

"முடியுங்க," என்றான்.

மார்ட்டின் திரும்பிப் பார்த்தார். மரத்தூள் அப்பிய சாரத்தோடு, காதில் பென்சில் செருகிய நாற்பது வயது ஆள்.

"யார் இவர்?"

"நம்ம ஆசாரி. மடுல்சீமைப் பக்கம் தோட்டத்துல வேலை செஞ்சவர்," என்றார் அலவி.

வீரய்யா ஒரு மலைத் தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பதினேழு வருடம் தச்சனாக இருந்தவன். அங்கே ரோட்டு வசதி கிடையாது. மலை உச்சியில் பறித்த கொழுந்தை மூட்டை கட்டி, கம்பியில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு இறக்குவார்கள். விறகுக்கு மரத்தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டி. அந்தக் கம்பியைத் தாங்கும் மரக்கோபுரங்களும் அந்தத் தண்டவாளமும் அவன் பொறுப்பில் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன், பெண்களின் கொழுந்தை நிறுக்கும் தராசில் ஈயத்துண்டு ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, விசாரணையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். தராசைப் பிடித்த கணக்கப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீரய்யாவுக்கு வேலை போனது. மனைவி பெரியாயி இன்னமும் தோட்டத்து லய வீட்டில் இருந்து அதே மலையில் கொழுந்து பறித்தாள். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் பதுளைக்கு வருவாள்.

"எப்படி முடியும்?" என்றார் மார்ட்டின். கேட்ட விதத்திலேயே பதில் தேவையில்லை என்பது தெரிந்தது. வீரய்யா பதில் சொன்னான்.

"நீங்க தட்டை நிலத்தை மனசுல வச்சுப் பேசுறீங்க. அங்கதான் வண்டிய முதல்ல மேல இழுக்கணும், அதுக்கு ஒசரமா ஒரு கோபுரம் வேணும், எஞ்சின் வேணும். இங்க மேலயிருந்து ஓடைக்கு நாப்பது அடி இறக்கம் இருக்கு. ஆளுங்க ரோட்டுப் பக்கத்துல ஏறட்டும். வளைஞ்சு வளைஞ்சு கீழ போயி எறங்கட்டும். நடந்து மேல வரட்டும். வெறும் வண்டிய மட்டும் ரெண்டு பேரு வின்ச்சு போட்டு இழுத்தா போதும். மலையில கொழுந்து அப்படித்தாங்க எறங்குது. மேல போறது வெறும் சாக்குத்தான்."

மார்ட்டின் சரிவை ஓடைவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். தினமும் ஒருவன் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க வேண்டும்," என்றார்.

"ஆமாங்க. பாக்கணும். அது மெய்தான். பெரிய எடத்துல அது பெரிய வேலை. இங்க அறுநூறு அடிதானே. காலையில ரெண்டு மணி நேரம் நடந்தா முடிஞ்சுது. இரும்பு உடையிற வரைக்கும் வாயத் தொறக்காது. மரம் முன்னாடியே முனகும். முனகுறதக் கேக்க ஒரு ஆள் இருந்தா போதும்."

மார்ட்டின் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். "கட்டி முடித்ததும் சொல்லி அனுப்புங்கள். பார்க்க வருகிறேன்," என்று போனார்.

அலவி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், காணியின் நான்கு மூலைக்கும் வீரய்யா முளை அடித்துக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தார். யாரைக் கேட்டு அடித்தாய் என்று அவரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுச் செய்யவேண்டிய வேலை என்று வீரய்யாவும் நினைக்கவில்லை.

கட்டி முடிக்க நான்கு மாதம் ஆனது. தோட்டங்களில் காற்று மறிக்க வளர்த்த யூக்கலிப்டஸ் மரங்கள் நல்ல விலைக்குக் கிடைத்தன. கணபதி என்ற கூட்டாளியை வீரய்யா தோட்டத்திலிருந்து வரவழைத்தான். ஒரு இடத்திலும் ஆணி அடிக்கவில்லை. எல்லாம் போல்ட்டும் நட்டும். பழைய தள்ளுவண்டிகளின் சக்கரங்களை இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்தார்கள். வண்டி மேட்டில் துள்ளி எழாமல் இருக்க, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சின்னச் சக்கரம் பிடித்துக்கொண்டு ஓடும்படி செய்தான். அந்தச் சக்கரத்துக்காக மட்டும் ஏழு முறை வண்டியைக் கழற்றிப் பூட்டினான். அலவியின் மனைவி றஷீனா இருக்கைகளுக்குக் கன்வஸ் துணியில் மெத்தை தைத்துக் கொடுத்தாள். அந்தக் காணி அவளுடைய வாப்பா அவளுக்குக் கொடுத்தது. அதனால் தினமும் பின்னேரம் வந்து, எது எங்கே நிற்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ரோட்டில் போகிறவர்கள் மதிலில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். ஆட்டுப் பட்டி கட்டுகிறான் என்றார்கள். தோட்டத்தான் கட்டுற ரயில் தோட்டத்துக்குத்தான் போய்ச் சேரும் என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். வீரய்யா தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் கையில் இருக்கும் ஸ்பேனரை வீசிவிடுவோமோ என்று அவனுக்கே பயம்.

சோதனை ஓட்டத்துக்கு மார்ட்டினும் வந்தார். சொல்லி அனுப்பியது வீரய்யாதான். ஆட்களின் பாரத்துக்கு மணல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். கணபதி தடையை எடுத்தான். வண்டி முதல் இறக்கத்தில் சடசடவென்று இறங்கியது. முதல் மேட்டில் ஏறி இறங்கியது. வளைவில் திரும்பியது. இரண்டாவது மேட்டில் பாதி ஏறி, மூச்சு வாங்குவதுபோல் நின்று, மெல்லப் பின்னால் உருண்டு, பள்ளத்தில் ஆடி ஆடி ஓய்ந்தது.

மதிலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் வண்டிக்குப் புல் போடச் சொன்னார்.

மார்ட்டின் சிரிக்கவில்லை. அதுதான் வீரய்யாவை அதிகமாகச் சுட்டது. அவர் அலவியின் தோளில் கைவைத்து, "நான் சொன்னேனே. சின்ன இடத்தில் வளைவு கடுமையாக இருக்கும். வளைவு வேகத்தைத் தின்றுவிடும். இதைப் பிரித்து விறகாக விற்றால்கூட ஏதோ கிடைக்கும்," என்றார். அலவி முகத்தைத் துடைத்துக்கொண்டு மரக்காலைக்குள் போய்விட்டார்.

வீரய்யா பள்ளத்தில் இறங்கி, நின்ற வண்டியின் பக்கத்தில் மணல் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது மார்ட்டின்மேல் இல்லை. தன்மேல் வந்தது. எந்த இடத்தில் தவறவிட்டோம் என்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தான்.

றஷீனா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள்.

"எவ்வளவு குறைஞ்ச?"

"என்னம்மா?"

"மேட்டுல ஏற இன்னும் எவ்வளவு வேணும்? எத்தின அடி?"

"ரெண்டடி. ரெண்டரை இருக்கும்."

"ரெண்டரை அடிக்கா இவ்வளவு நேரம் குந்திக்கொண்டு ஈக்கிறீங்க?" என்றாள் றஷீனா. "நாப்பது அடி வந்த வண்டி. ரெண்டரை அடிய எங்கயோ தொலச்சிட்டு வந்தீக்கி. எங்கெண்டு போய்ப் பாருங்க."

அவன் எழுந்தான். வண்டி வந்த வழியே தண்டவாளத்தின் மேல் குனிந்தபடி நடந்தான். வளைவில் நின்றான். அங்கே மரத் தண்டவாளத்தின்மேல் பதித்த தட்டிரும்பின் வெளிப்பக்க விளிம்பு, பன்னிரண்டு அடி நீளத்துக்கு வெள்ளி மாதிரி பளபளத்தது. சக்கரம் உரசி உரசித் தேய்த்த தடம். தொலைந்த இரண்டரை அடி அங்கேதான் கிடந்தது. வளைவில் வெளிப்பக்கத்தைப் போதுமான அளவு தூக்கிவைக்கவில்லை. வண்டி திரும்பவில்லை, சுவரில் தோளை உரசிக்கொண்டு போகிற ஆள்போல் போயிருக்கிறது.

இரும்பாக இருந்தால் கொழும்புக்கு அனுப்பி வளைத்து வரவேண்டும். இது மரம். மறுநாள் காலையே கணபதியும் அவனும் வளைவின் கால்களைக் கழற்றி, வெளிப்பக்கத்தில் ஐந்து அங்குலம் ஏற்றிப் பூட்டினார்கள். இரண்டாவது மேட்டில் ஒரு அடியை அறுத்துக் குறைத்தார்கள். எல்லாம் நாலு நாள் வேலை. ஐந்தாம் நாள் மணல் மூட்டைகள் இரண்டாவது மேட்டைத் தாண்டி, கடைசி வளைவையும் சுற்றி, ஓடைக்கரையில் வைக்கோல் அணைப்பில் வந்து முட்டி நின்றன. அன்று மதிலில் யாரும் இல்லை. வீரய்யா அதற்காக வருத்தப்படவில்லை. முப்பது தடவை ஓட்டினான்.

பிறகு அனுமதிப் பத்திரம். அலவி அனுமதி கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போய் வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

"கட்டின ஆள் கையெழுத்துப் போட வேணுமாம். வீரய்யா எண்டு சொன்னன். அந்தக் கிளார்க் கேக்கிறான், அவர் எந்த நாட்டுப் பிரஜை எண்டு."

வீரய்யா மடுல்சீமையில் பிறந்தவன். அவன் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். ஆனால் இந்த நாட்டுக் காகிதமும் அவனிடம் இல்லை, இந்தியக் காகிதமும் இல்லை. இரண்டு அரசாங்கமும் பேசி ஆட்களைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலம் அது.

"மார்ட்டின் ஒரு வழி செல்றார்," என்றார் அலவி, அவன் முகத்தைப் பார்க்காமல். "அவர் கையெழுத்து வைப்பாராம். ஆனா வாசல் போர்டுல அவர்ட கம்பெனி கட்டினது எண்டு போட வேணுமாம். பேர்ல என்ன ஈக்கி, வீரய்யா? ரயில் ஓடினா போதாதா?"

"முதலாளி, ஸ்டோர்ல நான் செஞ்சதுக்கெல்லாம் துரை பேருதான். பொழப்புன்னு இருந்துட்டேன். இது வேற. இதுல ஆளுங்க ஏறப் போறாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரத் தேடி வருவாங்க? என்னைத்தான். புடிச்சிட்டுப் போறதுக்கு மட்டும் நான் வேணும், போர்டுல வேணாமா?"

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"மரம் ஒங்களுது. சக்கரம் ஒங்களுது. நான் ஒண்ணத்தையும் தொட மாட்டேன். மார்ட்டின் ஐயா கையெழுத்து வச்சா, காலையில அந்த அறுநூறு அடியையும் அவரே நடக்கட்டும். என் பேரு இல்லாத ரயில்ல நான் நடக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்து, ஒரு பலகையை எடுத்துச் சீவத் தொடங்கினான். போக வேறு இடம் இல்லாதவன் பேசுகிற பேச்சா இது என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. கேட்கட்டும் என்று சீவினான்.

அடுத்த நாள் ஞாயிறு. பெரியாயி வந்தபோது நடந்ததைச் சொன்னான். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கிளாக்கரு காகிதத்தக் காட்டினாரா? பிரஜை இல்லாதவன் கட்டக்கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"வாயால சொன்னாராம்."

"தராசு சரியா இருக்குன்னுகூட வாயாலதான் சொன்னாங்க," என்றாள் பெரியாயி. "நீங்கதானே திருப்பிப் போட்டுப் பாத்தீங்க."

அலவியோடு றஷீனா வீட்டுக்குள் என்ன பேசினாள் என்று வீரய்யாவுக்குத் தெரியாது. ஆனால் கடைசியாக அவள் சொன்னது முற்றம்வரை கேட்டது: "காணி என்ட பேர்ல ஈக்கி. கட்டினவர்ட பேர் இல்லாம என்ட காணியில ஒண்டும் ஓடாது."

திங்கட்கிழமை, காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகவில்லை பெரியாயி. ஒரு நாள் பேரும் கூலியும் போனால் போகட்டும் என்று நின்றுவிட்டாள். நாலு பேருமாகக் கந்தோருக்குப் போனார்கள். கிளார்க் அலவியை உட்காரச் சொன்னான். மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னான். யாரும் வெளியே போகவில்லை. றஷீனா விண்ணப்பத்தை மேசையில் வைத்து, பிரஜாவுரிமை கேட்கிற வரி எங்கே என்று காட்டச் சொன்னாள். அவன் பக்கங்களைப் புரட்டினான். இது வழக்கம் என்றான். வழக்கத்தைத் தாளில் காட்டச் சொன்னாள். குரல்கள் உயர்ந்தன. உள் அறையிலிருந்து ரத்னபால என்ற வயதான இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"கட்டியவர் யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்," என்றான் வீரய்யா, அதே சிங்களத்தில்.

"எத்தனை போல்ட்?"

"ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. வளைவைத் திருத்திய பிறகு ஆயிரத்து நூற்று நாற்பது."

ரத்னபால கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளை வருகிறேன்," என்றார். கிளார்க் பக்கம் திரும்பி, அந்த வரி படிவத்தில் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தவர் மூன்று மணிவரை இருந்தார். கால்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தானே ஸ்பேனரை வாங்கித் தனக்குப் பிடித்த இடங்களில் திருகிப் பார்த்தார். அடிச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னார். மார்ட்டின் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அவரும் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"மணல் மூட்டைக்கு வாய் இல்லை," என்றார் கடைசியில். "யார் ஏறுவது?"

வீரய்யா ஏறினான். அவனுக்கு முன்னாலேயே பெரியாயி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் முறைத்தான்.

"என்ன பாக்குறீங்க? ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் மடுல்சீமை ரோட்டுல பஸ்ல வர்றேன். அதவிடவா?"

கணபதி தடையை எடுத்தான். முதல் இறக்கத்தில் வீரய்யாவின் வயிறு மேலே வந்தது. பெரியாயி கம்பியைப் பிடித்தாள். வளைவில் அவள் தோள் அவன்மேல் வந்து சாய்ந்தது. சக்கரம் உரசவில்லை. அதை மட்டும் அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். இரண்டாவது மேட்டில் அவள் சிரிக்கத் தொடங்கி, வைக்கோலில் வந்து நின்ற பிறகும் நிறுத்தவில்லை. அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

மூன்றாவது ஓட்டத்தில் ரத்னபாலவும் ஏறினார். இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மரக்காலை மேசையில் உட்கார்ந்து எழுதினார். வண்டிக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. மழையில் ஓட்டக்கூடாது. கட்டியவர் தினமும் காலையில் முழுப் பாதையையும் நடந்து பார்த்து, அதற்கான புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத நாளில் ஓட்டக்கூடாது. கட்டியவரின் பெயர்: வீரய்யா.

அந்தத் தாளை வீரய்யா இரண்டு முறை படித்தான். அவனை எந்த நாட்டான் என்று எந்தத் தாளும் சொன்னதில்லை. இந்தத் தாளும் சொல்லவில்லை. ஆனால் அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்று முதல் தடவையாக ஒரு தாள் சொன்னது.

திறந்த நாளில் ரோட்டுவரைக்கும் வரிசை. மதிலில் சாய்ந்து சிரித்தவர்களும் வரிசையில் நின்றார்கள். ஹல்துமுல்லையிலிருந்து லொறி பிடித்து ஆட்கள் வந்தார்கள். ஓடைக்கரையில் இறங்கி மேலே நடந்து வருகிறவர்கள் வழியில் கடலை வாங்கினார்கள். அந்த வழியில் ஒரு கடை வைக்கலாம் என்று அலவிக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. மார்ட்டினிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறு ஊர்களிலும் சரிவான சின்ன இடங்கள் இருக்கின்றன, அந்த ஆளை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைப் போட்டு எழுதச் சொல்லுங்கள் என்று வீரய்யா பதில் சொல்லச் சொன்னான்.

ஐப்பசியில் ஒரு நாள், தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. காலையில் நன்றாக இருந்த வானம் பதினொரு மணிக்குக் கறுத்து, தூறல் விழத் தொடங்கியது. வீரய்யா வண்டியை நிறுத்தித் தார்ப்பாய் போட்டான். அந்த நேரம் பார்த்து இரண்டு கார்கள் வந்து நின்றன. மேலிடத்தில் செல்வாக்குள்ள ஒரு பெரிய மனிதர், குடும்பத்தோடும் விருந்தாளிகளோடும். அலவி குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஒரே ஒரு ஓட்டம்," என்று திரும்பி வந்து வீரய்யாவிடம் மெல்லச் சொன்னார். "பெரிய ஆக்கள். தூறல்தானே."

"மழையில ஓடாது, முதலாளி."

பெரிய மனிதர் நெருங்கி வந்தார். "நான் யார் என்று இவனுக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னாங்கய்யா," என்றான் வீரய்யா. "ஈரத்துல தட்டிரும்பு வழுக்கும். அணைப்புல வண்டி நிக்காது. நாளைக்கு வாங்க, நானே ஏத்தி விடுறேன்."

"யார் போட்ட உத்தரவு இது?"

இன்ஸ்பெக்டரின் தாளைக் காட்டியிருக்கலாம். அது கண்ணாடி போட்டு அவன் தலைக்கு மேலேயே தொங்கியது. ஆனால் அவன் அதைக் காட்டவில்லை.

"என் உத்தரவுதாங்க," என்றான்.

கார்கள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போயின. இனி என்னென்ன வருமோ என்று அலவி புலம்பிக்கொண்டு மரக்காலைக்குள் போனார். வீரய்யாவுக்கும் அந்தக் கவலை இல்லாமல் இல்லை. வருகிறது வரட்டும் என்று தார்ப்பாயின் நாலு முனையையும் இழுத்துக் கட்டினான்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஸ்பேனரோடு மேலிருந்து நடந்தான். கடைசி வளைவில் இரண்டு கால்களுக்கு நடுவே மரம் ஊதி, ஒரு போல்ட் பிதுங்கியிருந்தது. காதை வைத்துத் தட்டினான். கழற்றினான், சீவினான், புதிதாகப் பூட்டினான். கணபதியை வைத்து வெறும் வண்டியை நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு மேலே வந்து கை கழுவி, புத்தகத்தைத் திறந்து, திகதி போட்டு, என்ன கண்டான் என்ன செய்தான் என்று எழுதி, கீழே கையெழுத்திட்டான்.

"ஆளுங்கள விடலாம்," என்றான்.